டைபோலின் மூன்றாவது கை: 5 வாட் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

குறைந்த பவரில் ஹாம் ரேடியோ இயக்கும் நண்பர்களுக்கு,

"நாம் விடுவதே 5 வாட். இதற்குப் போய்ப் பேலன் எதற்கு?" என்ற பேச்சு நம்மிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பவர் ஏறினால் மட்டும் தேவைப்படும் பொருள்கள் ஒரு மூட்டை உண்டு: விரல் தடிமனான கோஆக்ஸ் கேபிள், பீங்கான் இன்சுலேட்டர், தகட்டு இடைவெளி அகன்ற கண்டென்சர், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பவர் சப்ளை. இவற்றையெல்லாம் விட்டொழித்து, மெல்லிய கம்பியும் பிளாஸ்டிக் துண்டும் சட்டைப்பையில் அடங்கும் ரிக்குமாக வாழ்வதுதான் கியூஆர்பி எனப்படும் குறைந்த பவர் இயக்கத்தின் அழகு. அந்த மூட்டையைக் கட்டித் தூக்கிப் போட்டபோது பேலனும் அதற்குள் போய்விட்டது. அது அங்கே போயிருக்கக் கூடாது என்பதே இந்த மடலின் வாதம். பவர் குறைந்தால் பேலனின் உருவம் சிறுக்கலாம், வேலை சிறுக்காது. கேட்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், 100 வாட்காரரைவிட நமக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு என்ற இரண்டு சொற்களின் தலையை வெட்டி ஒட்டியது பேலன் என்ற பெயர். பலூன் என்று உச்சரிப்பவர்களும் இருக்கிறார்கள். பொருள் கெடாதவரை சண்டை வேண்டாம். இரு கைகளும் சமமான டைபோலை, ஒருபுறம் நடுக்கம்பியும் மறுபுறம் ஷீல்டுமாக அமைந்த கோஆக்ஸோடு சேர்க்கும் இணைப்பு என்பது பாடப்புத்தக விளக்கம். அதில் பிழையில்லை, ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. ரேடியோ அலைவரிசைகளில் கோஆக்ஸுக்கு இருப்பவை இரண்டு கடத்திகள் அல்ல, மூன்று. மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஏறத்தாழ 25 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே ஷீல்டின் உட்புறம் ஒரு கடத்தி, வெளிப்புறம் வேறொரு கடத்தி. நடுக்கம்பியும் ஷீல்டின் உட்புறமும் சமமான, எதிரெதிரான மின்னோட்டத்தைச் சுமந்து டைபோலின் நடுவுக்கு வருகின்றன. அங்கே நடுக்கம்பியின் மின்னோட்டத்துக்கு ஒரே வழி: ஒரு கை. ஷீல்டின் உட்புறத்தில் வந்ததற்கோ இரண்டு வழிகள். மறு கையில் ஏறலாம். அல்லது அதே ஷீல்டின் வெளிப்புறத்துக்குத் தாவி, வந்த பாதையிலேயே கீழே இறங்கலாம். அந்த வெளித்தோல்தான் டைபோலின் மூன்றாவது கை. நாம் அளந்து வெட்டாத கை. மொட்டை மாடிச் சுவரில் உரசி, ஜன்னல் வழியே நுழைந்து, மேசைமேல் இருக்கும் ரிக்கின் பெட்டிக்கு வந்து, பவர் சப்ளை வழியாக வீட்டு ஒயரிங்கில் போய் முடியும் கை.

எவ்வளவு மின்னோட்டம் அதில் இறங்கும்? 50 ஓமில் 5 வாட் என்றால் மின்னோட்டம் 0.32 ஆம்பியர், மின்னழுத்தம் 16 வோல்ட். இதில் மூன்றாவது கைக்குப் போகும் பங்கைப் பவர் தீர்மானிப்பதில்லை. அந்த வெளித்தோலின் நீளமும், அதன் கீழ்முனை பூமியோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. கீழ்முனை எர்த் ஆகியிருந்து நீளம் கால் அலையாக இருந்தால், மேலேயிருந்து பார்க்க அது பூட்டிய கதவு. 40 மீட்டர் பேண்டில் அந்தக் கால் அலை பத்தரை மீட்டர். நீளம் அரை அலையாக இருந்தால் அது திறந்த வாசல். மறு கைக்குப் போக வேண்டியதில் பாதிகூட அதன் வழியே இறங்கிவிடும். 100 வாட்டில் பாதி இறங்கும் இடத்தில் 5 வாட்டிலும் பாதிதான் இறங்கும். "பேலன் இல்லாமலே என் டைபோல் நன்றாக வேலை செய்கிறது" என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கேபிளின் நீளம் அவருக்கு வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலையாக இருந்து அவரைக் காப்பாற்றிய அதே பத்தரை மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலை ஆகிவிடும். பேண்டை மாற்றினால் ஜாதகமும் மாறும். இதை ஊகமாக விடாமல், ராய் லூவாலன் என்ற அமெரிக்க ஹாம் டைபோலின் இரு கைகளிலும் கேபிளின் வெளிப்புறத்திலும் ஓடிய மின்னோட்டங்களைத் தனித்தனியே அளந்து, 1985இல் ஏஆர்ஆர்எல் வெளியிட்ட ஆண்டெனா தொகுப்பில் எழுதினார். பேலனே இல்லாமல், ஒருவகைப் பேலனோடு, இன்னொரு வகைப் பேலனோடு என்று அவர் அளந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகும் இது ருசி சார்ந்த விவாதமாக நீடிப்பது வியப்புதான்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது வலுவானதும்கூட. "இறங்கினால் இறங்கட்டுமே, கேபிளும் ஒரு கம்பிதானே, அதுவும் அலையைப் பரப்பத்தானே செய்கிறது? பவர் எங்கே தொலைந்தது?" உண்மை. வெளித்தோலில் ஓடுவதாலேயே அந்தப் பவர் வீணாகிவிடாது. திறந்தவெளியில் செங்குத்தாகத் தொங்கும் கேபிள் நல்ல ஆண்டெனாவாகவே நடந்துகொள்ளக்கூடும். கம்பி பதித்த கான்கிரீட் சுவரை ஒட்டியும் வீட்டு ஒயரிங்குக்கு அருகிலும் இறங்கும் கேபிள்தான் கொஞ்சத்தைச் சுவருக்கும் ஒயருக்கும் தானம் செய்யும். அனுப்பும் பக்கத்தை மட்டும் பார்த்தால், பேலன் இல்லாததால் எதிர்முனையின் எஸ் மீட்டரில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பேலன் போட்டதும் சிக்னல் இரண்டு எஸ் பாயிண்ட் ஏறியது என்பவர்களை நான் நம்புவதில்லை. என் வாதம் அந்தக் காலில் நிற்கவில்லை.

அது நிற்பது கேட்கும் பக்கத்தில். எந்தப் பாதை நம் பவரைக் கீழே இறக்குகிறதோ, அதே பாதை கீழேயுள்ள இரைச்சலை மேலே ஏற்றும். எல்இடி விளக்கு, செட்டாப் பாக்ஸ், சிசிடிவி அடாப்டர், இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாமே நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிட்சுகள். அவை வீட்டு ஒயரிங்கில் கக்கும் இரைச்சல், கேபிளின் வெளித்தோல் வழியாக டைபோலின் நடுவுக்கு ஏறி, அங்கே ஷீல்டின் உட்புறத்துக்குத் தாவி, நல்ல சிக்னலைப் போலவே வேடமிட்டு ரிசீவருக்குள் இறங்குகிறது. ஆண்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் இது போகாது. ஏனென்றால் இரைச்சலைப் பிடிப்பது உயரத்தில் உள்ள கம்பி அல்ல, வீட்டுக்குள் ஓடும் கேபிள். பாட்டரியில் ரிக்கை ஓட்டினால் இந்தப் பாதையின் ஒரு முக்கியக் கண்ணி அறுந்துவிடும், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் கிடக்கும் கேபிளின் வெளித்தோல் பக்கத்து ஒயர்களின் இரைச்சலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

"நமக்கு எல்லாரும் நன்றாகத்தான் கேட்கிறார்கள், நாம்தான் அவர்களுக்குக் கேட்பதில்லை. கேட்கும் பக்கத்தைச் சீர்செய்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். நம் 5 வாட்டுக்கும் மறுமுனைக்காரரின் 100 வாட்டுக்கும் இடைவெளி 13 டெசிபெல், இரண்டு எஸ் பாயிண்டுக்குச் சற்று மேல். இருவர் வீட்டிலும் இரைச்சல் ஒரே அளவாக இருந்தால், அவர் நமக்குக் கேட்பது நாம் அவருக்குக் கேட்பதைவிட 13 டெசிபெல் தெளிவாக இருக்கும். வாதம் சரி. ஆனால் இரைச்சல் ஒரே அளவாக இருப்பதில்லை. அவர் ஊருக்கு வெளியே எஸ்2 இரைச்சலில் உட்கார்ந்திருக்கிறார். நாம் அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்7 இரைச்சலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வையுங்கள். நம் சிக்னல் அவரிடம் எஸ்4ஆகப் போனாலே போதும், அவர் தெளிவாகக் கேட்டுவிடுவார். அவருடைய பதில் நம்மிடம் எஸ்6ஆக வந்து இரைச்சலுக்கு அடியில் புதைந்துபோகும். அவர் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நாமோ, "5 வாட் போகவில்லை போலிருக்கிறது" என்று பவர்மீது பழியைப் போட்டு ரிக்கை அணைக்கிறோம். பவரால் கிடைக்காத எதையும் காதால் ஈடுகட்ட வேண்டியவர்கள் நாம். மறுமுனையில் இருப்பவரும் 5 வாட்காரராக இருந்தால் அந்த 13 டெசிபெல் சலுகையும் கிடையாது.

அடுத்து இழப்பு. "இருப்பதே 5 வாட், அதில் பேலன் ஒரு பங்கைத் தின்றுவிட்டால்?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸையே சுற்றிச் செய்யும் 1:1 கரண்ட் பேலனில், கேபிளின் உள்ளே ஓடும் நம் சிக்னலுக்கும் வளையத்துக்கும் சம்பந்தமே இல்லை. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருப்பதால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. வளையம் எதிர்ப்பது வெளித்தோலில் ஓடுவதை மட்டும். ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் பத்துச் சுற்றுக்கு அரை மீட்டர் கேபிள் செலவாகும். மெல்லிய ஆர்ஜி-174 கேபிளில் அதன் இழப்பு 0.05 டெசிபெல் அளவு. பேலனின் குறுக்கே விழும் மின்னழுத்தம் டைபோலின் நடுவில் உள்ள 16 வோல்ட்டில் பாதி, 8 வோல்ட். பேலன் 2000 ஓம் தடை தருகிறது என்றால் அதில் சூடாகக் கரைவது 32 மில்லிவாட், நம் 5 வாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குறைந்த பவர் நமக்குத் தரும் உண்மையான சலுகை இதுதான்: பெரிய வளையம் வேண்டாம், டெஃப்ளான் கேபிள் வேண்டாம், சூட்டைப் பற்றிய கவலையே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பேலன் பவரைத் தின்றுவிடும் என்று பயப்படும் அதே கையால்தான் பத்து மீட்டர் ஆர்ஜி-174 கேபிளைப் போடுகிறோம். 7 மெகாஹெர்ட்ஸில் அதில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு வாட் காணாமல் போகிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

இவ்வளவு சொன்னது கரண்ட் பேலனைப் பற்றி. பேலன் என்ற பெயரில் எதை மாட்டினாலும் சரி என்று நான் சொல்லவரவில்லை. ஸ்விட்சர்லாந்தின் குஸ்டாவ் குவானெல்லா 1944இல் விவரித்தது கரண்ட் வகை; இரு கைகளிலும் சமமான மின்னோட்டம் ஓடக் கட்டாயப்படுத்துவது அது. 1959இல் ரத்ராஃப் விவரித்த டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து வந்தது வோல்டேஜ் வகை. இரு கைகளுக்கும் சமமான மின்னழுத்தம் தருவதோடு அதன் கடமை முடிந்தது. இரு கைகளும் உண்மையிலேயே ஒன்றுபோல இருந்தால் இரண்டு வகையும் ஒன்றுதான். ஆனால் ஒரு கை தென்னை மரத்துக்கும் மறு கை தண்ணீர்த் தொட்டியின் மேலாகப் பக்கத்து மாடிக்கும் போகும் டைபோலில் சமம் எங்கே இருக்கிறது? அங்கே வோல்டேஜ் பேலன் தன் வேலையைப் பிசகாமல் செய்துகொண்டே மூன்றாவது கையையும் திறந்து வைத்திருக்கும். பேலன் போட்டும் பயனில்லை என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் மாட்டியிருப்பது இந்த வகையாக இருக்கும்.

வளையத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நம் ஆட்கள் வழுக்குவதுண்டு. ஃபில்டருக்கும் விஎஃப்ஓவுக்கும் வாங்கிய டி68-2 சிவப்பு வளையம் மேசை இழுப்பறையில் கிடக்கும். அதில் பத்துச் சுற்று சுற்றினால் கிடைக்கும் இண்டக்டன்ஸ் 0.57 மைக்ரோஹென்றி; 7 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 25 ஓம். 25 ஓம் எதையும் தடுக்காது. அது இரும்புத் தூள் வளையம். இந்த வேலைக்கு வேண்டியது ஃபெரைட், 43 கலவை அல்லது தாழ்ந்த பேண்டுகளுக்கு 31 கலவை. எஃப்டி140-43 வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று போட்டால் சில ஆயிரம் ஓம் கிடைத்துவிடும். ஃபெரைட் கிடைப்பதில்லை என்று கேபிளையே பெரிய வளையமாகச் சுருட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு. ஒரே பேண்டுக்கு அது உதவலாம். ஆனால் காற்றுச் சுருள் தருவது பெரும்பாலும் ரியாக்டன்ஸ். வெளித்தோலின் ரியாக்டன்ஸ் எதிர்க்குறியில் அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், சுருள் இல்லாததைவிட நிலைமை மோசமாகும். ஃபெரைட் தரும் தடையில் ரெசிஸ்டன்ஸ் பெரும்பங்கு. அதை எதுவும் ரத்து செய்ய முடியாது. வால்டர் மேக்ஸ்வெல் 1983இல் கியூஎஸ்டி இதழில் எழுதிய வடிவம் இன்னும் எளிது, கோஆக்ஸின் மேல் 50 ஃபெரைட் மணிகளைக் கோத்துவிடுவது. மணி கோக்கக் காசு இல்லையென்றால் பழைய மானிட்டர் கேபிளில் இருந்த கவ்வுமணி இருக்கிறது. ஒருமுறை மட்டும் கேபிளை நுழைத்தால் நம் பேண்டுகளில் அது தருவது சில பத்து ஓம்தான். சுற்றுகள் ஐந்தானால் அது ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. சென்னை ரிச்சி தெருவில் கிலோ கணக்கில் கிடைக்கும் பெயர் தெரியாத வளையங்களும் பயன்படும், நானோவிஎன்ஏவில் அளந்து பார்த்துவிட்டு மாட்டுவதாக இருந்தால்.

முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி வைத்திருப்பவர்கள், இது தங்களுக்கு இல்லை என்று இதுவரை சும்மா இருந்திருப்பார்கள். 49:1 டிரான்ஸ்ஃபார்மர் கம்பியின் முனையில் உள்ள 2450 ஓமை 50 ஓமாக மாற்றுகிறது. அங்கே 5 வாட்டில் மின்னழுத்தம் 110 வோல்ட், மின்னோட்டம் 45 மில்லிஆம்பியர் மட்டும். டைபோலின் 320 மில்லிஆம்பியரோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆகவே அனுப்பும் பக்கத்தில் அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 45 மில்லிஆம்பியர் திரும்ப ஒரு பாதை வேண்டுமே. எதிர்க்கம்பி கட்டாதவர்களுக்கு அந்தப் பாதை கேபிளின் வெளித்தோல்தான். இரைச்சலும் அதே பாதையில்தான் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, 40 மீட்டர் பேண்டில் சுமார் 2 மீட்டர், கேபிளை எதிர்க்கம்பியாக விட்டுவிட்டு அங்கே ஒரு சோக், அதாவது மேலே சொன்ன அதே ஃபெரைட் வளையச் சுற்று, போடுங்கள். எதிர்க்கம்பிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கேபிள். மீதிக் கேபிள் வெறும் கேபிள். அந்த எல்லையை நாம் வரைய வேண்டும், சுவரும் ஜன்னலும் வரையக் கூடாது.

மலைக்கோ கடற்கரைக்கோ ரிக்கைத் தூக்கிப் போகிறவர்களின் சிக்கல் வேறு. மீன்பிடித் தூண்டில் கழியின் உச்சியில் பேலனைத் தொங்கவிட்டால் கழி வளையும். நியாயமான கவலை, அதற்கு 5 வாட்டுக்கேற்ற சின்ன வளையமே பதில். அங்கே இரைச்சல் இல்லையே, பிறகு எதற்கு என்றால், அங்கே எர்த்தும் இல்லை. ரிக், கீ, ஹெட்ஃபோன், அதைப் பிடித்திருக்கும் நம் கை எல்லாமே மூன்றாவது கையின் விரல்களாகிவிடுகின்றன. கேபிளை நகர்த்தினால் எஸ்டபிள்யூஆர் ஆடுவதும், கீயர் தானாக ஒரு புள்ளியைக் கூட்டி அடிப்பதும், எஃப்டி8 நடுவில் மடிக்கணினியின் யுஎஸ்பி உறைந்துபோவதும் 5 வாட்டிலும் நடக்கும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற ரிக்கைப் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டியவர்களுக்கு, மைக் ஒயரில் ஆர்எஃப் புகுந்து குரல் கரகரப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். போர்டைக் குறை சொல்லும்முன் கேபிளைப் பார்ப்பது நல்லது.

பேலன் வேண்டாத இடங்களும் இருக்கின்றன. இசட்-மேட்ச் போன்ற டியூனரிலிருந்து ஏணி ஃபீடரை நேராக மேலே கொண்டுபோனவருக்குத் தனியாகப் பேலன் தேவையில்லை. டியூனருக்குப் பின்னால் கண்டபடி பொருந்தாத ஆண்டெனாவை 4:1 பேலன் வழியாக ஊட்டினால், நான் மேலே போட்ட இழப்புக் கணக்கு அங்கே செல்லாது. வளையம் உண்மையிலேயே தின்னும். உங்கள் கேபிளில் மூன்றாவது கை இல்லை என்று அளந்து கண்டுவிட்டாலும் பேலனை விட்டுவிடலாம். அளப்பது பெரிய காரியமில்லை. கவ்வுமணி ஒன்றில் மெல்லிய கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, ஒரு ஓஏ79 டையோடும் ஒரு சின்ன மீட்டரும் சேர்த்துக் கேபிளின்மேல் கவ்வவிட்டால் வெளித்தோலின் மின்னோட்டத்துக்கு மட்டும் முள் எழும்பும். கேட்கும் பக்கத்துக்கு இன்னும் சுலபம்: வெறும் பேண்டில் எஸ் மீட்டரைக் குறித்துக்கொண்டு, சோக் போட்டபின் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். முள் இறங்கவில்லையென்றால் இந்த மடலைக் கிழித்துப் போடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எஸ்டபிள்யூஆர் சரியில்லை என்று டைபோல் கம்பியை நறுக்கக் கட்டிங் பிளேயரை எடுக்கும்போது, முதலில் கோஆக்ஸைக் கையால் இறுகப் பிடித்து மேலும் கீழும் தடவிப் பாருங்கள். மீட்டர் முள் நகர்ந்தால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது இரண்டு கையுள்ள டைபோலை அல்ல. பிளேயரைக் கீழே வையுங்கள். முதலில் வளையத்தில் பத்துச் சுற்று, பிறகு நறுக்கலாம்.

73.